பெட்ரோலின் பொறுமையை அளந்த ஹாரி ரிக்கார்டோ

மாசாயில் எனக்குப் பழக்கமான ஒரு கார் பட்டறையில், பில் எழுதும் மேசையின் மேல் ஒரு பழைய பிஸ்டன் இருக்கிறது. தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருக்கிறார்கள். அதன் தலையில் ஐம்பது காசு நாணயம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. விளிம்பெல்லாம் மெழுகு உருகியதுபோல் வழிந்து உறைந்திருக்கும்.

அது தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பியின் காரிலிருந்து எடுத்தது. ஆண்டு இறுதி போனஸ் வந்ததும், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' காரிலிருந்து கழற்றிய ஒரு டர்போவை வாங்கி, டர்போ இல்லாமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்ட தன் இன்ஜினில் மாட்டினார். வேறு எதையும் மாற்றவில்லை. மூன்று வாரம் சொர்க்கம். நான்காவது வாரம் நெடுஞ்சாலை ஓரத்தில் நீலப் புகை, பிறகு இழுவை லோரி. போனஸ் போனது மட்டுமில்லை, அடுத்த ஆறு மாதச் சம்பளத்திலும் ஒரு பங்கு போனது.

அந்த ஓட்டை ஏன் விழுந்தது என்பதற்கு விடை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதைத் தேடிக் கண்டவர்களில் முதன்மையானவர் சர் ஹாரி ரிக்கார்டோ. ஃபோர்டு, டீசல், பென்ஸ் என்ற பெயர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ரிக்கார்டோவின் பெயர் இன்ஜின் பொறியாளர்களிடையே மிகப் பிரபலம், வெளியே அவ்வளவாக இல்லை. ஆனால் நாம் பெட்ரோல் நிலையத்தில் ரோன் 95 குழாயைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தொடங்கி வைத்த ஒரு கணக்கைத்தான் கையில் பிடிக்கிறோம். அந்தக் கணக்கில் நம் அண்டைப் பகுதியான போர்னியோவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஹாரி ரால்ஃப் ரிக்கார்டோ 1885 ஜனவரி 26ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஹால்சி ரிக்கார்டோ கட்டடக் கலைஞர். கல்கத்தாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ஹூக்ளி ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல்லில் கோட்டைபோல் நிற்கும் ஹவுரா ரயில் நிலையம். அதை வடிவமைத்தவர் அவர்தான். தாய்வழித் தாத்தா சர் அலெக்சாண்டர் ரெண்டல், இந்திய ரயில்வேக்குப் பாலங்கள் அமைத்துக் கொடுத்த பொறியாளர். சிந்து நதியின் மேல் சுக்கூரில் நிற்கும் லான்ஸ்டவுன் பாலம் அவர் பெயரைச் சொல்லும். ஆக, பேரனும் பாலம் கட்டத்தான் போவான் என்று குடும்பமே நினைத்திருந்தது.

பேரனுக்கோ சிறு வயதிலேயே கடைசல் எந்திரம்தான் விளையாட்டுச் சாமான். 1898இல் தாத்தா ஒரு மோட்டார் கார் வாங்கினார். அப்போது இங்கிலாந்தில் காரைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். அந்தக் கார்தான் பேரனைப் பாலத்திலிருந்து திருப்பியது என்று சொல்லலாம்.

1903இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டு பல்கலைக்கழக மோட்டார் மன்றம் ஒரு போட்டி வைத்தது. ஆளுக்கு ஒரு குவார்ட் பெட்ரோல், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். அதில் யார் மிக அதிகத் தூரம் ஓட்டுகிறாரோ அவருக்கு வெற்றி. ரிக்கார்டோ தானே செய்த ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளோடு வந்தார். வந்தவற்றில் அதுதான் கனமான வண்டி. ஆனாலும் 40 மைல் ஓடி முதலில் வந்தது. வேகத்துக்கான பந்தயமாக இல்லாமல், ஒரு சொட்டு எண்ணெயிலிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்கான பந்தயத்தில் அவர் பெயர் எடுத்தது கவனிக்க வேண்டியது. கடைசி வரை அவர் போக்கு அதுதான்.

அந்த வெற்றி பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சனின் கண்ணில் பட்டது. அவர் இளைஞரைத் தன் ஆய்வகத்துக்குள் இழுத்துக்கொண்டார். அங்கேதான் ரிக்கார்டோ முதன்முதலாக இன்ஜின் 'தட்டும்' சத்தத்தை ஆராயத் தொடங்கினார்.

நாக்கிங் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் அந்தச் சத்தம் பழைய கார் ஓட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேட்டில் ஏறும்போது, அதிக பாரத்தில், இன்ஜினுக்குள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். அக்காலத்தில் எல்லாரும் சொன்ன காரணம், பிளக் பொறி விழும் முன்பே பெட்ரோல் தீப்பற்றிக் கொள்கிறது என்பது. ஹாப்கின்சனும் ரிக்கார்டோவும் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்த்து, அது அப்படியில்லை என்று கண்டார்கள். பொறி சரியான நேரத்தில்தான் விழுகிறது. தீயும் ஒழுங்காகத்தான் பரவத் தொடங்குகிறது. கோளாறு கடைசியில் வருகிறது.

லாலான் காட்டில் தீ வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் பற்றவைத்தால் தீ வரிசையாக நடந்து போகும். அதுதான் ஒழுங்கான எரிதல். ஆனால் தீ வருவதற்கு முன்பே, மறு மூலையில் இருக்கும் புல் முழுவதும் சூடேறிச் சூடேறி ஒரே கணத்தில் தானாகப் பற்றிக்கொண்டால் எப்படியிருக்கும்? சிலிண்டருக்குள் நடப்பது அதுதான். முன்னால் எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாத கடைசிப் பங்கை மூலையில் வைத்து நசுக்குகிறது. நசுக்க நசுக்கச் சூடு ஏறுகிறது. ஓர் எல்லை தாண்டியதும் அந்தக் கடைசிப் பங்கு மொத்தமாக வெடிக்கிறது. நமக்குக் கேட்பது அந்த அடியின் சத்தம். அந்த அடி பிஸ்டன் தலையை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் கிழித்துவிடுவதால், உள்ளே எரியும் நெருப்பின் சூடு நேராக அலுமினியத்தில் இறங்குகிறது. அலுமினியம் உருகும் சூடு சுமார் 660 டிகிரி. எரியும் வாயுவோ 2,000 டிகிரிக்கும் மேல். மாசாய் மேசையிலிருக்கும் ஓட்டை அப்படி விழுந்ததுதான்.

படிப்பு முடிந்து சில காலம் தாத்தாவின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். உறவினர் ஒருவரோடு சேர்ந்து டால்ஃபின் என்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் செய்தார். கார் தொழில் படுத்தது, ஆனால் அதே இன்ஜின் ஷோர்ஹம் மீனவர்களின் படகுகளில் நன்றாக உழைத்தது. 1911இல் பீட்ரிஸ் ஹேல் என்ற ஓவிய மாணவியை மணந்தார். மூன்று பெண் பிள்ளைகள்.

முதல் உலகப் போர்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது. பிரிட்டிஷ் படையின் முதல் டாங்கிகளில் இருந்த இன்ஜின் சக்தி போதாமல் திணறியது, போதாததற்குக் கரும்புகை கக்கி எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தது. புது இன்ஜினுக்கான பொறுப்பு முப்பது வயதைத் தாண்டிய ரிக்கார்டோவுக்கு வந்தது. பிஸ்டனுக்குக் கீழே தனி வழிகாட்டி வைத்து, மசகு எண்ணெய் மேலே ஏறி எரியாமல் தடுத்தார். புகை நின்றது. 105 குதிரைசக்தி இருந்த இடத்தில் 150 கிடைத்தது. 1918 ஆகஸ்ட்டில் அமியான் போரில் உறுமிச் சென்ற மார்க் 5 டாங்கிகளுக்குள் இருந்தது அந்த இன்ஜின்தான்.

டாங்கிக்குக் கிடைத்தது மட்டமான பெட்ரோல். நல்லது விமானங்களுக்குப் போய்விடும். அந்த மட்டமான எண்ணெயில் இன்ஜினின் அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தட்டத் தொடங்கியது. அமுக்க விகிதம் என்பது பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடத்துக்கும், மேலே ஏறி நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம். பத்துக்கு ஒன்று என்றால் பத்துப் பங்கு காற்றை ஒரு பங்காக அமுக்குகிறோம். அமுக்கம் கூடினால் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும், செலவும் குறையும். ரிக்கார்டோவுக்கு அந்த ஆசை விடவில்லை. தடுப்பது தன் இன்ஜினின் இரும்பா, அல்லது அதில் ஊற்றும் எண்ணெயா என்ற கேள்வி வந்தது.

அந்தக் காலத்தில் பெட்ரோலின் தரத்தை எடையை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். லேசாக இருந்தால் நல்லது, கனமாக இருந்தால் மட்டம். ஒப்பந்தங்களிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. ஷெல் நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் வேலி கோஹனிடம் கேட்டு, உலகத்தின் பல இடங்களில் எடுக்கும் பெட்ரோலின் மாதிரிகளை ரிக்கார்டோ வரவழைத்தார். ஒவ்வொன்றாக இன்ஜினில் ஊற்றி, எது எப்போது தட்டுகிறது என்று பார்த்தார். அதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. அமுக்கத்தைக் கூட்டினாலும் தாங்கியது. அது போர்னியோவிலிருந்து வந்தது.

தன் நினைவு நூலில் ரிக்கார்டோ இந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறார். அந்த போர்னியோ பெட்ரோல் ஒப்பந்தம் கேட்ட எடையைவிடக் கனமாக இருந்ததால், விற்க முடியாத சரக்கு என்று காட்டிலேயே எரித்து அழித்துக்கொண்டிருந்தார்களாம். உலகத்திலேயே சிறந்த பெட்ரோலை, தராசைப் பார்த்து மட்டம் என்று தள்ளிவிட்டார்கள். நம் தோட்டங்களிலும் பால் எடைபோடும் இடத்தில் தராசு சொன்னதே தீர்ப்பு என்று வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

கனத்துக்குக் காரணம் அரோமாட்டிக் என்று வேதியியலில் சொல்லும் வகைப் பொருள்கள். டொலுவீன், பென்சீன் போன்றவை. போர்னியோ எண்ணெயில் அவை நிறைய. போரில் அதே எண்ணெயிலிருந்து டொலுவீனைப் பிரித்து டிஎன்டி வெடிமருந்து செய்தார்கள். அதற்காக ஷெல் 1915இல் ரோட்டர்டாமிலிருந்து ஓர் ஆலையையே கழற்றிக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. குண்டுக்குள் வெடிப்பதற்குப் போகும் பொருள், இன்ஜினுக்குள் வெடிக்காமல் பொறுத்துப்போகும் பொருளாக இருப்பது வினோதம்தான்.

போர் முடிந்தது. பேராசிரியர் ஹாப்கின்சன் 1918 ஆகஸ்ட்டில் விமான விபத்தில் இறந்துவிட்டிருந்தார். 1919இல் ரிக்கார்டோ சசெக்ஸ் கரையோரத்தில், ஷோர்ஹமில், அடூர் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். பிரிட்ஜ் வொர்க்ஸ் என்று பெயர். ஷெல் நிறுவனம் எரிபொருள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. ஹென்றி டிசார்ட், டேவிட் பை என்ற இரண்டு அறிவியலாளர்கள் உடன் சேர்ந்தார்கள். டிசார்ட்டைப் பிற்காலத்தில் பிரிட்டனின் ரேடார் வளர்ச்சியோடு சேர்த்துப் பேசுவார்கள்.

அங்கே ரிக்கார்டோ செய்த இன்ஜினுக்கு ஈ35 என்று பெயர். ஒற்றை சிலிண்டர், 35 குதிரைசக்தி. எந்தக் காரிலும் மாட்டுவதற்கு இல்லை. அதன் சிறப்பு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தலாம். அதாவது இன்ஜினை நிறுத்தாமல் அமுக்க விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். நான்குக்கும் கீழே தொடங்கி எட்டு வரை போகும். ஒரு பெட்ரோலை ஊற்றுவார்கள், அமுக்கத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள், தட்டல் கேட்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண்தான் அந்தப் பெட்ரோலின் பொறுமை. பல வகை எண்ணெய்களும் கலவைகளும் இப்படிச் சோதிக்கப்பட்டன. சில பெட்ரோல் ஐந்தைத் தொடும் முன்பே தட்டியது. டொலுவீன் ஏழு வரை தாங்கியது. சாராயம், அதாவது எத்தனால், அதற்கும் மேல்.

அதனால் ரிக்கார்டோ டொலுவீனையே அளவுகோலாக வைத்தார். ஒரு பெட்ரோல் எவ்வளவு டொலுவீன் கலந்த கலவைக்குச் சமமாகத் தாங்குகிறது என்று எண் கொடுத்தார். 1920களின் தொடக்கத்தில் இந்த முடிவுகள் வெளிவந்தன. இன்ஜினின் சக்திக்கு எல்லை போடுவது எரிபொருள்தான் என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கிரகாம் எட்கர் டொலுவீனுக்குப் பதில் ஐசோ ஆக்டேனை 100 என்றும், ஹெப்டேனை 0 என்றும் வைத்து ஓர் அளவுகோல் செய்தார். அதுதான் ஆக்டேன் எண். ரோன் 95 என்றால், சோதனை இன்ஜினில் அது 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப்போல் நடந்துகொள்கிறது என்று பொருள். அந்தச் சோதனை இன்ஜினும் ஒற்றை சிலிண்டர்தான், அதன் சிலிண்டரும் மேலும் கீழும் நகரும். ஈ35இன் வாரிசு என்று தாராளமாகச் சொல்லலாம்.

சிங்கப்பூர் எண் கொண்ட கார்களுக்கு ரோன் 95 ஊற்றக் கூடாது என்ற விதியால் அந்த எண் ஜொகூர்க்காரர்களுக்கு அதிகம் பழகிவிட்டது. ஆனால் பலர் அதை சக்தியின் எண் என்று நினைக்கிறார்கள். ரோன் 97 ஊற்றினால் கார் பறக்கும் என்று நம்பி, சாதாரணக் காருக்குக் காசை வீணாக்குகிறார்கள். பெட்ரோல் எவ்வளவு நசுக்குதலைத் தாங்கும் என்பது மட்டுமே அந்த எண். இன்னொன்றும் உண்டு. ரோன் சோதனையில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றுதான் சுற்றும், டர்போ அழுத்தமும் கிடையாது. அங்கே 95 வாங்கியது, டர்போ ஊதும் சூட்டில் உங்கள் இன்ஜினுக்குள் தட்டாது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

இங்கேதான் டர்போ வருகிறது. புகைக்குழாய் வழியாக வீணாகும் வாயுவின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதைக்கொண்டு இன்ஜினுக்குள் அதிகக் காற்றை அடைக்கும் யோசனைக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி 1905இலேயே காப்புரிமை வாங்கினார். அது தனிக் கதை. ரிக்கார்டோவின் கணக்கில் டர்போவுக்கு என்ன இடம் என்று பார்ப்போம். அரை பார் பூஸ்ட் என்றால், காற்று உள்ளே நுழையும்போதே ஒன்றரை மடங்கு நசுக்கப்பட்டுத்தான் நுழைகிறது. அதைப் பிஸ்டன் இன்னும் பத்து மடங்கு நசுக்குகிறது. சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மதியக் காற்று 32 டிகிரி. ஒரு சாதாரண டர்போ அதை அரை பாருக்கு அமுக்கி வெளியே விடும்போது சுமார் 90 டிகிரி ஆகியிருக்கும். மூலையில் நிற்கும் அந்தக் கடைசிப் பங்கு புல் இப்போதே பாதி காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் நம் புரோட்டோன் நிறுவனமே கேம்ப்ரோ இன்ஜினுக்கு டர்போ வைத்தபோது, அமுக்க விகிதத்தைப் பத்திலிருந்து 8.9க்கு இறக்கியது. எக்ஸோரா போல்ட், பிரேவே கார்களில் வந்தது அந்த இன்ஜின். தொழிற்சாலையில் பிஸ்டனையே மாற்றிச் செய்த வேலையை, நம் தம்பி ஒரு டர்போவையும் நான்கு ரப்பர் குழாயையும் வைத்துச் செய்யப் பார்த்தார்.

பத்து, பத்தரை விகிதமுள்ள இன்ஜினில் பெட்ரோல் நிலைய எண்ணெயை ஊற்றி டர்போ ஓட்டவே முடியாதா என்றால், முடியும். ரிக்கார்டோவின் ஆய்வுகளைப் படித்தால் எந்த வழிகள் உண்டு என்பதும் தெரியும். உள்ளே போகும் காற்றைக் குளிரவைப்பது ஒன்று. இன்டர்கூலர் சரியாக இருந்தால் அந்த 90 டிகிரியை ஐம்பதை ஒட்டிக் கொண்டுவரலாம். பெட்ரோல் கலவையைச் சற்றுச் செறிவாக வைப்பது இன்னொன்று. மிச்சப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால், பூஸ்ட் ஏறும் நேரத்தில் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று வைப்பது வழக்கம். அதற்கேற்ற இன்ஜெக்டரும் பம்பும் வேண்டும். பழைய பம்பு போதாமல் கலவை வற்றிப்போவதுதான் பல பிஸ்டன்களின் முடிவு. பொறி விழும் டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டும். ஒரு பவுண்டு பூஸ்டுக்கு ஒரு டிகிரி என்பது பட்டறைகளில் வழங்கும் தொடக்கக் கணக்கு. தொடக்கம்தான் அது. மீதியை டைனோவில் ஏற்றி, தட்டலைக் கேட்கும் கருவியை வைத்து, அனுபவமுள்ளவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காரின் சொந்தக் கம்ப்யூட்டரே தட்டலைக் கேட்டு டைமிங்கைக் குறைத்துக்கொள்ளும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது டர்போ இல்லாத இன்ஜினின் சிறு தட்டல்களுக்காகச் செய்த ஏற்பாடு.

பூஸ்டைப் பொறுத்தவரை, அப்படிப்பட்ட இன்ஜினுக்கு 0.3, 0.4 பார் என்ற அளவோடு நிற்பவர்கள் பல ஆண்டு ஓட்டுகிறார்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால் பிஸ்டனை மாற்றி விகிதத்தை இறக்குவதுதான் முறை. காற்றோடு தண்ணீரைத் தெளித்துச் சூட்டை இறக்கும் வழியும் இருக்கிறது. அமுக்கிய காற்றில் ஓடும் இன்ஜின்களில் ரிக்கார்டோ அதையும் சோதித்து, தண்ணீர் சேர்த்தால் தட்டாமல் எவ்வளவு கூடுதல் பூஸ்ட் ஏற்றலாம் என்று காட்டியிருக்கிறார். தண்ணீர் டாங்கி காலியான அன்று என்ன ஆகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஜேபிஜே அனுமதி இல்லாமல் இன்ஜினில் இப்படிக் கைவைத்தால் சட்டச் சிக்கலும் காப்புறுதிச் சிக்கலும் தனியாக வரும்.

எரிபொருளும் பூஸ்டும் எப்படிக் கைகோத்து நடக்கின்றன என்பதற்கு 1940ஐவிட நல்ல சாட்சி கிடையாது. பிரிட்டிஷ் போர் விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜினின் அமுக்க விகிதம் வெறும் ஆறு. 87 ஆக்டேன் பெட்ரோலில் அதன் சூப்பர்சார்ஜரை ஆறு சொச்சம் பவுண்டு வரைதான் ஏற்ற முடிந்தது. 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும் அதே இன்ஜினில் 12 பவுண்டு ஏற்றினார்கள். பெரிதாக இரும்பை மாற்றவில்லை, எண்ணெயை மாற்றினார்கள். ஷோர்ஹமில் ஒற்றை சிலிண்டரை ஏற்றி இறக்கிக் குறித்த எண்களின் பலன் லண்டன் வானத்தில் தெரிந்தது.

அந்த 100 ஆக்டேனில் ஈயமும் இருந்தது. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் சிறிது ஈயச் சேர்மம் கலந்தால் தட்டல் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். மலிவான வழி. உலகம் அதன் பின்னால் ஓடியது. சாலையோரக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறுவதை உணர்ந்து அதை நிறுத்த ஐம்பது, அறுபது ஆண்டு பிடித்தது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். இன்று ஈயம் இல்லாத பெட்ரோலில் 95ஐ எட்டுவதற்குச் சுத்திகரிப்பு ஆலைகள் நம்புபவற்றில் ஒன்று அதே அரோமாட்டிக் வகைதான். போர்னியோ காட்டில் எரித்துப் போட்ட சரக்கு. பென்சீன் புற்றுநோய் தரும் என்பதால் அதற்கு மட்டும் அளவு கட்டியிருக்கிறார்கள்.

ரிக்கார்டோவின் மற்ற வேலைகளைத் தனித்தனியாகச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. சிலிண்டருக்குள் காற்றைக் கலக்கிச் சுழலவிட்டால் தீ வேகமாகப் பரவும், தட்டலுக்கு நேரம் கிடைக்காது என்று கண்டு, மலிவான கார்களுக்கு ஏற்ற சிலிண்டர் தலையை வடிவமைத்தார். 1923இல் வெளிவந்த அவருடைய இன்ஜின் நூல் பல பதிப்புகள் கண்டது. டீசல் இன்ஜினுக்கு அவர் செய்த 'காமெட்' சுழல் அறை 1930களில் லண்டன் பேருந்துகளுக்குப் போனது. பிறகு உலகெங்கும் சிறிய டீசல் இன்ஜின்களில் பரவியது. 1929இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1948இல் சர் பட்டம். 1964 வரை நிறுவனத்தில் இருந்தார். 1968இல் நினைவு நூலை வெளியிட்டார். போர்னியோ பெட்ரோல் கதை அதில்தான் இருக்கிறது.

1974 மே 18ஆம் தேதி, கீழே விழுந்து அடிபட்ட சில வாரங்களில், 89ஆவது வயதில் காலமானார்.

ஷோர்ஹமில் ஆற்றோரத்து அந்தக் கூடம் அவருக்குப் பிறகும் வேலையை நிறுத்தவில்லை. மெக்லாரன் நிறுவனம் 2011இல் வெளிவந்த தன் புதிய சாலைக் காருக்கு இரட்டை டர்போ கொண்ட வி8 இன்ஜினைச் செய்து தரும் பொறுப்பை ரிக்கார்டோ நிறுவனத்திடம் கொடுத்தது. அறுநூறு குதிரைசக்தியைத் தொடும் அந்த இன்ஜின், பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் எண்ணெயில் ஓடுவது. அதன் அமுக்க விகிதம் 8.7. மாசாய் தம்பியிடம் இந்த எண்ணைச் சொன்னபோது, அவர் மேசையிலிருந்த பிஸ்டனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் இன்ஜினின் விகிதம் எவ்வளவு என்று அன்றுதான் முதன்முறையாகத் தேடினார்.